பழைய கம்ப்யூட்டர் எமுலேட்டரை சோர்ஸ் கோடுல இருந்து கம்பைல் பண்ணி ஓட்டுறது: அடிக்கடி கேக்குற கேள்விகள்

பழைய மெஷின் எமுலேட்டர் (அந்த மெஷின் மாதிரியே நடந்துக்கிற சாஃப்ட்வேர்) ஒண்ணை நாமளே கம்பைல் பண்ணி ஓட்டிப் பாக்கணும்னு ஆசைப்படுறவங்க திரும்பத் திரும்ப கேக்குற கேள்விங்க இதெல்லாம். சிம்எச் எமுலேட்டரையும் பிடிபி-11ங்கிற பழைய கம்ப்யூட்டரையும் உதாரணமா எடுத்துக்கிட்டிருக்கேன், ஆனா எரர் பத்தி சொல்றது எந்த எமுலேட்டருக்கும் பொருந்தும். கமாண்டெல்லாம் வாயால சொல்ற மாதிரி தமிழ் எழுத்துலயே இருக்கு, டெர்மினல்ல அடிக்கிறப்ப இங்கிலீஷ் சின்ன எழுத்துல அடிச்சுக்கோங்க, பெரிய எழுத்துன்னு சொல்ற இடத்தைத் தவிர.

ரெடிமேடா பைனரி கிடைக்கிறப்ப எதுக்கு சோர்ஸ்ல இருந்து கம்பைல் பண்ணணும்?

ரெண்டு காரணம். ஒண்ணு, லினக்ஸ் டிஸ்ட்ரோ பேக்கேஜ்ல வர்ற எமுலேட்டர் பல நேரம் ரொம்ப பழைய வெர்ஷனா இருக்கும், நீங்க படிக்கிற டாக்குமென்ட்ல சொல்ற கமாண்ட் அதுல இருக்காது, எங்க தப்புன்னு தெரியாம முழிக்க வேண்டியிருக்கும். ரெண்டாவதுதான் எனக்கு முக்கியமா படுது: எமுலேட்டரோட சோர்ஸ் கோடுதான் அந்த மெஷினைப் பத்தி இன்னைக்கு கைல இருக்கிறதுலயே துல்லியமான விவரம். மேனுவல்ல ஒரு வரி மொட்டையா எழுதியிருப்பாங்க, ஆனா பழைய ஆபரேட்டிங் சிஸ்டம் ஓடணும்னா அந்த வரிக்கு சரியான அர்த்தம் என்னன்னு எமுலேட்டர் எழுதுறவங்க கண்டுபிடிச்சே ஆகணும், கண்டுபிடிச்சத சி கோடா எழுதி வச்சிருக்காங்க. நீங்களே கம்பைல் பண்ணா அந்த கோடுல ஒரு பிரிண்ட் வரி சேத்து மறுபடி கம்பைல் பண்ணி உள்ள என்ன நடக்குதுன்னு பாக்கலாம். டவுன்லோட் பண்ண பைனரில அது முடியாது.

சிம்எச்னா என்ன? அதுல ரெண்டு மூணு வெர்ஷன் இருக்கே, எதை எடுக்கிறது?

டெக் கம்பெனில, அதாவது டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன்ல, பெரிய பொறுப்புல இருந்த பாப் சப்னிக் 1993ல ஆரம்பிச்சது. அதோட வேர் இன்னும் பழசு, 1960கள் கடைசில எழுதின மிமிக்ங்கிற எமுலேட்டர்ல இருந்து வந்த ஐடியா. பிடிபி-8, பிடிபி-11, வேக்ஸ், டேட்டா ஜெனரல் நோவா, ஐபிஎம் 1401, ஆல்டேர் 8800ன்னு நிறைய மெஷின் ஒரே சோர்ஸ் மரத்துல இருக்கு. 2022ல லைசென்ஸ் விஷயமா வந்த கருத்து வேறுபாட்டுக்கு அப்புறம் ஓப்பன் சிம்எச்னு தனி கிளை உருவாச்சு, எம்ஐடி லைசென்ஸ்ல இருக்கு. புதுசா ஆரம்பிக்கிறவங்க ஓப்பன் சிம்எச் எடுங்க. சப்னிக்கோட 3ஆம் வரிசை வெர்ஷனும் இருக்கு, அது சின்னதா இருக்கும், கோடு படிக்கணும்னா நல்லது, ஆனா நெட்வொர்க், டெர்மினல் வசதி குறைவு.

எந்த மெஷினை முதல்ல கம்பைல் பண்றது?

பிடிபி-11. யோசிக்கவே வேண்டாம். 1970ல வந்த 16 பிட் மெஷின், எட்டே எட்டு ரெஜிஸ்டர், இன்ஸ்ட்ரக்ஷன் செட் அவ்வளவு ஒழுங்கா இருக்கும், ஒரு நாள் உக்காந்தா தலைக்குள்ள ஏறிடும். 1975ல வந்த யூனிக்ஸ் ஆறாவது எடிஷனும் 1979ல வந்த ஏழாவது எடிஷனும் இதுலதான் ஓடுச்சு. ஆறாவது எடிஷன் கர்னல் மொத்தமே 10,000 வரிக்குள்ள. ஒரு முழு ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் அது ஓடுற மெஷினையும் ஒரே ஆள் மேலிருந்து கீழ வரைக்கும் படிச்சு முடிக்க முடியும்னா அதுக்கு இதைவிட நல்ல ஜோடி எனக்குத் தெரியல.

கம்ப்யூட்டர்ல என்னென்ன இருக்கணும்?

சி கம்பைலர், குனூ மேக் (எந்த ஃபைலை எப்படி கம்பைல் பண்றதுன்னு பாத்துக்கிற புரோகிராம்), கிட் (சோர்ஸை இறக்குற புரோகிராம்). இவ்வளவுதான் கட்டாயம். லினக்ஸ்ல கம்பைலர் மேக் ரெண்டும் ஒரே பேக்கேஜ் குரூப்பா கிடைக்கும், மேக்ஓஎஸ்ல எக்ஸ்கோடோட கமாண்ட் லைன் டூல்ஸ் போட்டா போதும், பிஎஸ்டி சிஸ்டத்துல மேக்குக்கு பதிலா ஜிமேக்னு அடிக்கணும், ஏன்னா அங்க மேக்ங்கிறது வேற புரோகிராம்.

இதுக்கு மேல நெட்வொர்க் வேணும்னா பிகேப், கிராபிக்ஸ் ஸ்கிரீன் வேணும்னா எஸ்டிஎல்2, கமாண்ட் ஹிஸ்டரி வேணும்னா எடிட் லைன் லைப்ரரி. இது எதுவும் இல்லாட்டியும் பிடிபி-11 கம்பைல் ஆகும், எது எது இல்லைன்னு மேக்ஃபைலே ஆரம்பத்துல சொல்லிடும். அந்த மெசேஜ் எரர் கிடையாது, அதைப் பாத்து நிறுத்திடாதீங்க.

லினக்ஸ்ல லைப்ரரி போடுறப்ப ஒரு விஷயம் கவனிங்க. லைப்ரரி பேக்கேஜ் தனி, அதோட ஹெடர் ஃபைல் (லைப்ரரில என்னென்ன ஃபங்ஷன், டைப் இருக்குன்னு கம்பைலருக்குச் சொல்றது) இருக்கிற பேக்கேஜ் தனி. டெபியன் உபுண்டுல ஹெடர் பேக்கேஜ் பேர் டெவ்னு முடியும், ஃபெடோரால டெவெல்னு முடியும். கம்பைல் பண்றதுக்கு வேண்டியது அதுதான்.

சரி, கம்பைல் பண்ற ஸ்டெப் என்ன?

கிட் குளோன் பண்ணி சோர்ஸை இறக்குங்க, அந்த ஃபோல்டருக்குள்ள போங்க, மேக் பிடிபி11 அப்படின்னு அடிங்க. வெறும் மேக்னு மட்டும் அடிச்சா அங்க இருக்கிற எல்லா மெஷினையும் கம்பைல் பண்ண ஆரம்பிச்சிடும், அது வேண்டாம், வேண்டிய மெஷின் பேரை மட்டும் குடுங்க. முடிஞ்சதும் பின்ங்கிற (பெரிய எழுத்து) ஃபோல்டருக்குள்ள பிடிபி11ன்னு ஒரு பைனரி இருக்கும். கம்பைலுக்கு அப்புறம் டெஸ்ட் ஓடும், அதைத் தவிர்க்கணும்னா மேக் கமாண்ட் கூடவே பெரிய எழுத்துல டெஸ்ட்ஸ்=0ன்னு சேத்துக்கலாம், ஆனா முதல் தடவையாவது டெஸ்ட்டை ஓட விடுங்க.

இன்ஸ்டால் பண்ண வேண்டிய அவசியமே இல்ல, பின் ஃபோல்டர்ல இருந்தே ஓட்டலாம். சூடோ (அட்மின் உரிமை) போட்டு மேக் பண்ணாதீங்க, அப்படி பண்ணா ஃபைலெல்லாம் ரூட் பேர்ல உருவாகி அடுத்த தடவை சாதாரணமா கம்பைல் பண்றப்ப பர்மிஷன் இல்லைன்னு நிக்கும்.

ஸ்கிரீன் முழுக்க எரர் கொட்டுது. எங்கிருந்து பாக்கிறது?

மேல இருந்து. முதல் எரர் மட்டும்தான் உங்க கணக்குல எரர், மத்தது எல்லாம் அதோட எதிரொலி. ஒரு ஹெடர் கிடைக்கலைன்னா அதுக்குள்ள இருக்கிற டைப் எதுவும் கம்பைலருக்குத் தெரியாது, அதுக்கப்புறம் அந்த டைப் வர்ற ஒவ்வொரு வரிக்கும் ஒரு எரர் குடுக்கும், நூறு எரர் வந்தாலும் ஒரு பேக்கேஜ் போட்டா மொத்தமும் போயிடும். அவுட்புட்டை ஒரு ஃபைல்ல திருப்பி விட்டு, எரர்ங்கிற வார்த்தை முதல்ல எங்க வருதுன்னு தேடுங்க. வார்னிங்கை இப்போதைக்கு விட்டுடுங்க.

அடுத்தது அந்த எரர் எந்தக் கட்டத்துல வந்துச்சுன்னு பாருங்க, இதுதான் பாதி வேலை. ஃபைலோ டைரக்டரியோ இல்லைன்னு ஒரு ஹெடர் பேரோட வந்தா ஹெடர் பேக்கேஜ் இல்ல. அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்னு வந்தா கம்பைல் முடிஞ்சிடுச்சு, கம்பைல் ஆன துண்டுங்களை ஒண்ணா சேக்கிற லிங்க்கர்தான் திணறுது, லைப்ரரி பேர் கமாண்ட்ல வரலைன்னு அர்த்தம், இல்லைன்னா வரிசை மாறியிருக்கு, ஏன்னா லைப்ரரி பேர் அதைக் கூப்பிடுற ஃபைலுக்கு அப்புறம்தான் வரணும். கம்பைல் லிங்க் எல்லாம் முடிஞ்சு ஓட்டுறப்ப ஷேர்டு லைப்ரரியைத் திறக்க முடியலைன்னு வந்தா அது பைனரியை மெமரில ஏத்துற லோடரோட பிரச்சனை, மறுபடி கம்பைல் பண்ணி பிரயோஜனம் இல்ல. இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்னு செத்துப்போச்சுன்னா வேற கம்ப்யூட்டர்ல அந்த பிராசஸருக்குன்னே கம்பைல் பண்ணதை இங்க கொண்டாந்து ஓட்டுறீங்க.

பத்து பதினஞ்சு வருஷம் முன்னாடி எழுதின எமுலேட்டர் சோர்ஸ், அப்போ கம்பைல் ஆச்சாம், இப்ப ஆகல. கோடு கெட்டுப்போச்சா?

கோடு அப்படியேதான் இருக்கு, கம்பைலர் கறாரா ஆயிடுச்சு. ஜிசிசில, அதாவது குனூவோட சி கம்பைலர்ல, மூணு மாற்றம் தெரிஞ்சு வச்சுக்கிட்டா பழைய சோர்ஸ்ல வர்ற பெரும்பாலான எரருக்கு பதில் கிடைச்சிடும்.

2020ல வந்த ஜிசிசி 10ல இருந்து, ஒரே குளோபல் வேரியபிளை ஹெடர்ல எக்ஸ்டர்ன் போடாம எழுதி அந்த ஹெடரை நாலு ஃபைல்ல சேத்திருந்தா லிங்க்கர் மல்டிபிள் டெஃபினிஷன்னு திட்டும். முன்னாடி எல்லாத்தையும் ஒண்ணா சேத்துக்கும், பழைய ஆளுங்க அதை நம்பி எழுதிட்டாங்க. சி ஃப்ளாக்ஸ்ல எஃப்காமன் ஆப்ஷனைச் சேத்தா பழைய நடத்தை திரும்ப வந்துடும்.

2024ல வந்த ஜிசிசி 14, டிக்ளேர் பண்ணாத ஃபங்ஷனைக் கூப்பிட்டா வார்னிங்கோட விடாம எரராவே நிறுத்துது. இதுக்கு நல்ல வழி காணாமப்போன இன்க்ளூட் வரியைச் சேக்கிறது, பல நேரம் ஸ்ட்ரிங் டாட் எச் இல்லைன்னா யூனிஸ்டிடி டாட் எச், அவ்வளவுதான். அவசரத்துக்கு எஃப்பர்மிஸிவ் ஆப்ஷன் இருக்கு, ஆனா அதை எமுலேட்டர்ல போடுறது எனக்குப் பிடிக்காது. டிக்ளேர் பண்ணாத ஃபங்ஷன் இன்ட் திருப்பித் தரும்னு கம்பைலர் நினைச்சுக்கும், நிஜத்துல அது பாயின்டர் தருதுன்னா 64 பிட் மெஷின்ல மேல் பாதி வெட்டுப்பட்டுப் போயிடும், எமுலேட்டர் கம்பைல் ஆகி அஞ்சு நிமிஷம் ஓடி அப்புறம் சம்பந்தமே இல்லாத இடத்துல கிராஷ் ஆகும். கம்பைலர் இப்ப எரர் குடுக்கிறது நல்லதுக்குத்தான்.

2025ல வந்த ஜிசிசி 15 சொல்லலைன்னா சி23 தரத்துல கம்பைல் பண்ணுது. அதுல பூல், ட்ரூ, ஃபால்ஸ் எல்லாம் மொழியோட சொந்த வார்த்தை ஆயிடுச்சு. பழைய எமுலேட்டர் பலதுல பூலை தாங்களே டைப்டெஃப் பண்ணி வச்சிருப்பாங்க, அது இப்ப எரர். அதோட வெறும் அடைப்புக்குறி போட்ட ஃபங்ஷன் டிக்ளரேஷனுக்கு இப்ப ஆர்க்யூமென்டே கிடையாதுன்னு அர்த்தம், முன்னாடி எத்தனை வேணா இருக்கலாம்னு இருந்துச்சு. எந்த வருஷத்து சி தரம்னு ஸ்டாண்டர்டு ஆப்ஷன்ல குனூ89 இல்ல குனூ17னு குடுத்துட்டா சரியாயிடும்.

இன்னொரு வகை இருக்கு, எரரே வராது, ஆனா ஆப்டிமைசேஷன் இல்லாம ஓடும், மைனஸ் ஓ2 (ஓ பெரிய எழுத்து) போட்டா கிறுக்குத்தனமா நடக்கும். எமுலேட்டர்ல இது அதிகம், ஏன்னா இன்டிஜர் ஓவர்ஃப்ளோ ஆகி சுத்தி வரும்னு நம்பி எழுதியிருப்பாங்க, மெமரியை பைட்டாவும் வேர்டாவும் மாத்தி மாத்தி படிப்பாங்க, சி தரப்படி ரெண்டுக்குமே சிக்கல் உண்டு. எஃப்ராப்வி, எஃப்நோ ஸ்ட்ரிக்ட் அலையாசிங் ஆப்ஷன் ரெண்டையும் போட்டுப் பாருங்க.

கம்பைல் ஆயிடுச்சு. டிஸ்க் இமேஜ் எதுவும் இல்லாம, நிஜமாவே வேலை செய்யுதான்னு எப்படி செக் பண்றது?

நாமளே மெமரில ஒரு குட்டி புரோகிராம் வச்சு ஓட்டிப் பாக்கலாம். பைனரியை ஓட்டினா சிம்> அப்படின்னு ஒரு ப்ராம்ப்ட் வரும். அதுல டெபாசிட் கமாண்டை வச்சு ஒவ்வொரு அட்ரஸ்லயும் ஒரு எண்ணைப் போடணும். இந்த வரிசைல போடுங்க:

1000ல 012700
1002ல 000005
1004ல 062700
1006ல 000003
1010ல 000000

ரன் 1000ன்னு அடிங்க. உடனே ஹால்ட்னு சொல்லி நிக்கும், பிசி (புரோகிராம் கவுன்டர், அடுத்த இன்ஸ்ட்ரக்ஷனோட அட்ரஸ்) 001012னு காட்டும். இப்ப எக்ஸாமின் ஆர்0ன்னு கேளுங்க, 000010ன்னு வரும். அஞ்சும் மூணும் எட்டு, ஆக்டல்ல (0ல இருந்து 7 வரைக்கும் மட்டும் இலக்கம் வச்சு எண்ணுறது) எட்டுதான் 10. பிடிபி-11 உலகத்துல அட்ரஸ், இன்ஸ்ட்ரக்ஷன் எல்லாமே ஆக்டல்தான், 1006க்கு அப்புறம் 1010 வர்றதும் அதனாலதான்.

அந்த எண்ணுங்களைப் பிரிச்சுப் பாருங்க, அழகா இருக்கும். 012700ல முன்னாடி இருக்கிற 01 மூவ் இன்ஸ்ட்ரக்ஷன், 062700ல இருக்கிற 06 ஆட். நடுவுல இருக்கிற 27ல 2ங்கிறது ரெஜிஸ்டர் காட்டுற இடத்துல இருந்து எடுத்துட்டு ரெஜிஸ்டரை அடுத்த இடத்துக்கு நகத்துன்னு சொல்ற மோட், 7ங்கிறது ஏழாவது ரெஜிஸ்டர், அதாவது புரோகிராம் கவுன்டர். அடுத்த வேர்டுல இருக்கிற எண்ணை எடுத்துக்கோன்னு சொல்றதுக்கு தனியா ஒரு மோடே வைக்கல, புரோகிராம் கவுன்டரும் ஒரு சாதாரண ரெஜிஸ்டர்னு வச்சதால அது தானா கிடைச்சிடுச்சு. கடைசி 00 போய்ச் சேர வேண்டிய இடம், ஆர்0.

சிம்> வந்துச்சு, ஆனா யூனிக்ஸ் எங்க?

எமுலேட்டர் வெறும் இரும்புதான், சாஃப்ட்வேர் தனியா வேணும். டிஸ்க் இமேஜோ டேப் இமேஜோ இறக்கிக்கணும். யூனிக்ஸ் முதல் எடிஷன்ல இருந்து ஏழாவது வரைக்கும் கால்டெரா கம்பெனி 2002 ஜனவரில பிஎஸ்டி மாதிரி லைசென்ஸ்ல திறந்து விட்டுடுச்சு, அதனால பயமில்லாம எடுக்கலாம். யூனிக்ஸ் ஹெரிடேஜ் சொசைட்டி காப்பகத்துல எல்லாம் இருக்கு. வேற கம்பெனியோட பழைய ஆபரேட்டிங் சிஸ்டம், வீட்டு கம்ப்யூட்டர் ரோம் இதுக்கெல்லாம் காப்பிரைட் இன்னும் இருக்கலாம், ஒவ்வொண்ணா லைசென்ஸ் பாருங்க.

இறக்கினதும் சைஸ் பாருங்க. ஆறாவது எடிஷன் ஆர்கே05 டிஸ்க்ல வரும், 203 சிலிண்டர், 2 பக்கம், ஒரு டிராக்குக்கு 12 செக்டர், செக்டருக்கு 512 பைட், பெருக்கினா 24,94,464 பைட். இமேஜ் இதைவிடக் கொஞ்சம் சின்னதா இருக்கலாம், கடைசில எழுதாத பகுதியை விட்டிருப்பாங்க. ஆனா சில ஆயிரம் பைட்தான் இருக்குன்னா நீங்க இறக்கினது இமேஜ் இல்ல, ஏதோ வெப் பேஜ். ஜிசிப் பண்ணியிருந்தா பிரிச்சுட்டுத்தான் குடுக்கணும்.

ஆறாவது எடிஷனை எப்படி பூட் பண்றது?

நாலே வரி. செட் சிபியு 11/40, அப்புறம் அட்டாச் ஆர்கே0 போட்டு இமேஜ் பேர், அப்புறம் பூட் ஆர்கே0. @ ஒண்ணு மட்டும் ஸ்கிரீன்ல வந்து நிக்கும், அதுதான் பூட் லோடர், யூனிக்ஸ்னு அடிங்க. லாகின் கேக்கும், ரூட் குடுங்க. இமேஜைப் பொறுத்து கர்னல் பேர் மாறலாம், கூட வர்ற ரீட்மீல இருக்கும்.

ஏழாவது எடிஷனோட ஆர்எல் (இன்னொரு வகை டிஸ்க்) இமேஜ்ல @க்கு பூட்னு அடிக்கணும், அதுக்கப்புறம் ஒரு கோலன் வரும், அங்க எந்த டிவைஸ்ல எந்த கர்னல்னு சொல்லணும். # ப்ராம்ப்ட் வந்தா சிங்கிள் யூசர்ல இருக்கீங்க, கன்ட்ரோல் டி அடிச்சா மல்டி யூசருக்குப் போகும்.

ஒவ்வொரு தடவையும் இதை அடிக்க வேண்டாம். இந்த வரிங்களை பிடிபி11 டாட் ஐஎன்ஐங்கிற ஃபைல்ல போட்டு வச்சுட்டு அந்த ஃபோல்டர்ல இருந்து எமுலேட்டரை ஓட்டினா அதுவே எடுத்துக்கும்.

பூட் அடிச்சா எதுவும் நடக்கல, இல்லைன்னா உடனே ஹால்ட் ஆகுது. ஏன்?

முதல் சந்தேகம் இமேஜ் பேர் மேல. அட்டாச் கமாண்ட்ல குடுத்த பேர்ல ஃபைல் இல்லைன்னா சிம்எச் எரர் குடுக்காது, அந்தப் பேர்ல காலியா ஒரு புது டிஸ்க்கை உருவாக்கிடும், காலி டிஸ்க்ல இருந்து பூட் பண்ணா பூஜ்யம்தான் வரும், பூஜ்யம்னா பிடிபி-11ல ஹால்ட் இன்ஸ்ட்ரக்ஷன். அட்டாச்சுக்கு மைனஸ் ஈ சேத்துக்கோங்க, ஃபைல் இல்லைன்னா அங்கயே நிறுத்திடும். இந்தப் பழக்கம் ஒண்ணு போதும், பாதி குழப்பம் தீரும்.

அடுத்து டிஸ்க் வகை, ஆர்எல் இமேஜை ஆர்கேல மாட்டினா ஓடாது. அப்புறம் சிபியு மாடல், மெமரி அளவு. ஷோ சிபியுன்னு கேட்டா இப்ப என்ன இருக்குன்னு காட்டும்.

உள்ள போயிட்டேன், ஆனா சிடி வேலை செய்யல, பேக்ஸ்பேஸ் வேலை செய்யல!

எமுலேட்டர் சரியா வேலை செய்யுதுன்னு அர்த்தம். ஆறாவது எடிஷன்ல சிடி கிடையாது, சிஎச்டிஐஆர்னு முழுசா அடிக்கணும். ஒரு எழுத்தை அழிக்க #, முழு வரியையும் அழிக்க @. அப்போ பேப்பர்ல அடிக்கிற டெலிடைப்தான் டெர்மினல், அடிச்சது பேப்பர்ல விழுந்தாச்சு, பின்னாடி போய் அழிக்க வழியில்ல, அதனால இந்தக் குறி ரெண்டையும் வச்சாங்க. ஏழாவது எடிஷன்ல எஸ்டிடிஒய் வச்சு அழிக்கிற கீயை மாத்திக்கலாம்.

எல்லாம் பெரிய எழுத்துல வந்தா, லாகின் பேரை கேப்ஸ் லாக்ல அடிச்சிருக்கீங்க, பெரிய எழுத்து மட்டுமே தெரிஞ்ச டெர்மினல்னு யூனிக்ஸ் முடிவு பண்ணிடுச்சு. லாக் அவுட் பண்ணிட்டு மறுபடி வாங்க. நடுநடுவுல குப்பை எழுத்து வந்தா பேரிட்டி பிட் தெரியுது, செட் டிடிஓ 7பின்னு குடுங்க.

விஐ எடிட்டர் தேடாதீங்க, ஈடி மட்டும்தான். சி கம்பைலர் இருக்கு, ஆனா பழைய சி, கூட்டி வைக்கிற குறி இப்ப நாம எழுதுற +=க்கு பதிலா =+ன்னு தலைகீழா இருக்கும்.

எப்படி ஒழுங்கா நிறுத்துறது?

யூனிக்ஸ்குள்ள சிங்க்னு ரெண்டு தடவை அடிங்க, கன்ட்ரோல் ஈ அடிச்சா சிம்> வந்துடும், குவிட். டெர்மினல் ஜன்னலை அப்படியே மூடிடாதீங்க, மெமரில இருக்கிறது டிஸ்க் இமேஜுக்குப் போயிருக்காது, கெட்டுப்போன டிஸ்க்கைச் சரி பண்ற எஃப்எஸ்சிகேயும் ஆறாவது எடிஷன்ல இல்ல. தப்பா கன்ட்ரோல் ஈ பட்டுட்டா கன்டினியூ அடிச்சா விட்ட இடத்துல இருந்து ஓடும்.

சும்மா லாகின் ப்ராம்ப்ட்ல நிக்கிறப்பவே ஒரு சிபியு கோர் முழுசா எரியுதே?

செட் சிபியு ஐடில்னு ஐஎன்ஐ ஃபைல்ல சேருங்க. யூனிக்ஸ் வேலை இல்லாதப்ப வெயிட் இன்ஸ்ட்ரக்ஷன் போடும், சிம்எச் அதைப் பாத்து உங்க நிஜ கம்ப்யூட்டரையும் தூங்க விடும். வெயிட் போடாம வெறும் லூப்ல சுத்துற பழைய சிஸ்டங்களுக்கு இது உதவாது, அங்க செட் த்ராட்டில் வச்சு வேகத்தைக் குறைக்கலாம்.

அந்தக் காலத்து வேகத்துலயே அச்சு அசலா ஓடுமா?

ஓடாது, சிம்எச்சோட நோக்கம் அது இல்ல. ஒவ்வொரு இன்ஸ்ட்ரக்ஷனும் சரியான விடை தரணும்ங்கிறதுதான் அதோட கணக்கு, எத்தனை கடிகாரத் துடிப்பு ஆச்சுன்னு எண்ணாது. 1982ல வந்த கமடோர் 64க்கு எழுதின வைஸ் எமுலேட்டர் அப்படி இல்ல, அது துடிப்பு துடிப்பா எண்ணும், ஏன்னா அந்த மெஷின்ல கேம் எழுதினவங்க ஸ்கிரீன்ல ஒரு கோடு வரைஞ்சு முடியுறதுக்குள்ள கலரை மாத்துறதுன்னு நேரத்தை நம்பியே எழுதினாங்க. ஒரு துடிப்பு தவறினா படம் கலையும்.

சோர்ஸைப் படிக்கணும்னா எந்த ஃபைல்ல ஆரம்பிக்கிறது?

பிடிபி-11 ஃபோல்டர்ல சிபியுன்னு முடியுற சி ஃபைல். அதுல சிம் இன்ஸ்டர்ங்கிற ஃபங்ஷனைத் தேடுங்க, அதுதான் மெஷினோட இதயம். ஒரு லூப், அதுக்குள்ள இன்ஸ்ட்ரக்ஷனை மெமரில இருந்து எடுக்கும், மேல் நாலு பிட்டைப் பிரிக்கும், பெரிய ஸ்விட்ச் ஒண்ணு. 001 கேஸ்ல மூவ், 006 கேஸ்ல ஆட், மேல நாம கையால போட்ட அதே 01, 06தான். அங்க ஒரு பிரிண்ட் வரி போட்டு மறுபடி கம்பைல் பண்ணி அந்த அஞ்சு வேர்டு புரோகிராமை ஓட்டிப் பாருங்க, ஒவ்வொரு இன்ஸ்ட்ரக்ஷனும் அந்த கேஸுக்குள்ள நுழையுறது கண்ணுக்குத் தெரியும்.

அடுத்து ஆர்கேன்னு முடியுற டிஸ்க் ஃபைல். இங்க ஒரு நுட்பம் இருக்கு, நிதானமா படிங்க. நம்ம கம்ப்யூட்டர்ல ஃபைலைப் படிக்கிறது உடனே முடிஞ்சிடும், ஆனா எமுலேட்டர் உடனே முடிஞ்சுதுன்னு சொல்லாது. சிம் ஆக்டிவேட்ங்கிற ஃபங்ஷனைக் கூப்பிட்டு, இன்னும் இத்தனை இன்ஸ்ட்ரக்ஷன் கழிச்சு இன்டரப்ட் (வேலை முடிஞ்சுதுன்னு சிபியுக்குச் சொல்ற சிக்னல்) குடுன்னு ஒரு வரிசைல போட்டு வைக்கும். பழைய டிரைவர் எழுதினவங்க டிஸ்க்குக்கு கட்டளை குடுத்துட்டு நாலு வேலை பாத்துட்டு அப்புறம்தான் இன்டரப்ட் வரும்னு நம்பியிருப்பாங்க, கட்டளை குடுத்த அடுத்த இன்ஸ்ட்ரக்ஷன்லயே இன்டரப்ட் வந்தா டிரைவர் தடுமாறிடும். அதனால வேகமா இருக்க முடியுற இடத்துல வேணும்னே தாமதம் வச்சிருக்காங்க. நான் எமுலேட்டர் கோடைப் படிக்கச் சொல்றதே இந்த மாதிரி இடங்களுக்காகத்தான், டெக் மேனுவல்ல இதை யாரும் இப்படி எழுதி வைக்கல.

எல்லா மெஷினுக்கும் பொதுவான கமாண்ட், அட்டாச், பூட் இதெல்லாம் எஸ்சிபி டாட் சி ஃபைல்ல இருக்கு. அதைக் கடைசில பாத்துக்கலாம்.

ஒரே நேரத்துல நாலு பேர் லாகின் பண்ண முடியுமா? நெட்வொர்க்?

முடியும். அட்டாச் டிசட் (பல டெர்மினல் மாட்டுற கார்டு) 4000னு போட்டா அந்த டிசிபி போர்ட்டுக்கு டெல்நெட்ல வர்ற ஒவ்வொருத்தரும் ஒரு டெர்மினல் ஆயிடுவாங்க, யூனிக்ஸ் பக்கமும் அந்த லைனுங்களை டிடிஒய்ஸ் ஃபைல்ல திறந்து விடணும், டிசட்11 டிரைவர் இருக்கிற கர்னலா இருக்கணும். பாஸ்வேர்டு எதுவும் மறைச்சுப் போகாது, வெளில இருந்து வர முடியுற மெஷின்ல திறந்து வைக்காதீங்க.

ஈதர்நெட் வேணும்னா பிடிபி-11ல ஓடுற பிற்கால யூனிக்ஸான 2.11பிஎஸ்டி போடுங்க, ஆறு ஏழு எடிஷன்ல டிசிபி ஐபியே கிடையாது. பிகேப் வழியா போனா ரூட் உரிமை கேக்கும், அதுக்கு பதிலா நேட்ங்கிற வழில அட்டாச் பண்ணா சாதாரண யூசராவே ஓட்டலாம்.

விண்டோஸ்ல? ராஸ்பெரி பைல?

விண்டோஸ்ல டபிள்யூஎஸ்எல்குள்ள (விண்டோஸ்லயே லினக்ஸ் ஓட்டுற வசதி) லினக்ஸ் மாதிரியே பண்றதுதான் சுலபம், விஷுவல் ஸ்டுடியோலயும் கம்பைல் ஆகும். ராஸ்பெரி பைல எந்த மாற்றமும் இல்லாம ஓடும், முன்பக்க சுவிட்ச் விளக்கோட பைடிபி-11ங்கிற குட்டி மாடலே அதுக்குள்ள சிம்எச்சைத்தான் வச்சிருக்கு.

மாமே (ஆர்கேட் கேம் மெஷின் எமுலேட்டர்) மாதிரி பெரிய எமுலேட்டரையும் இப்படியே கம்பைல் பண்ணலாமா?

பண்ணலாம், ஆனா அது வேற அளவு. சி++ல எழுதினது, முழுசா கம்பைல் பண்ணா மணிக்கணக்குல போகும், மெமரியும் நிறைய தின்னும். ஒரே நேரத்துல எத்தனை ஃபைல் கம்பைல் ஆகணும்னு சொல்ற மைனஸ் ஜே எண்ணை கோர் எண்ணிக்கைக்கு சமமா வச்சா சில நேரம் மெமரி பத்தாம கம்பைலரையே சிஸ்டம் கொன்னுடும், எரர்ல வெறுமனே கில்டுன்னு வரும், கோடுல தப்பு தேடாதீங்க, எண்ணைக் குறைங்க. அதுலயும் வேண்டிய மெஷினோட சோர்ஸ் ஃபைலை மட்டும் சொல்லி சின்னதா கம்பைல் பண்ண சோர்சஸ்ங்கிற (பெரிய எழுத்து) ஆப்ஷன் இருக்கு, அதைப் பயன்படுத்துங்க.

புது வெர்ஷன் வந்தா எப்படி அப்டேட் பண்றது?

கிட் புல், மேக் கிளீன், மறுபடி மேக் பிடிபி11. டிஸ்க் இமேஜை சோர்ஸ் ஃபோல்டருக்குள்ள வைக்காதீங்க, தனி ஃபோல்டர்ல வச்சு எழுத முடியாத காப்பி ஒண்ணும் வச்சுக்கோங்க. சேவ் கமாண்ட்ல எடுத்த மெஷின் நிலையை அடுத்த வெர்ஷன்ல திறக்க முடியும்னு நம்பாதீங்க, அப்டேட்டுக்கு முன்னாடி யூனிக்ஸை ஒழுங்கா நிறுத்திடுங்க.

எமுலேட்டர்லயே பக் இருக்குன்னு தோணுது. எப்படி சொல்றது?

முதல்ல அதே இமேஜோட புது காப்பியை எடுத்து மறுபடி நடக்குதான்னு பாருங்க. அப்புறம் ஆப்டிமைசேஷன் இல்லாம, பெரிய எழுத்துல டீபக்=1 போட்டு கம்பைல் பண்ணிப் பாருங்க, அப்பவும் நடந்தா எமுலேட்டர் மேல சந்தேகம் வலுக்குது. ஷோ வெர்ஷன் கமாண்ட் காட்டுறதை முழுசா எடுத்துக்கோங்க, அதுல கிட் கமிட் எண், கம்பைலர் பேர் எல்லாம் வரும், அதோட ஐஎன்ஐ ஃபைல், இமேஜ் எங்க கிடைச்சுது, எந்தக் கமாண்ட் அடிச்சப்ப எந்த பிசில நின்னுச்சு, இதெல்லாம் சேத்துக் குடுங்க. இன்ஸ்ட்ரக்ஷன்லயே தப்புன்னா மேல பண்ண மாதிரி நாலஞ்சு வேர்டு புரோகிராமா சுருக்கி, என்ன வரணும் என்ன வருதுன்னு ஆக்டல்ல எழுதி அனுப்புங்க, அப்படி அனுப்பினா சரி பண்றவங்க அந்த கேஸை நேரா திறந்து பாத்துடலாம்.